கம்ப்யூட்டர் இரைச்சலுக்குச் சைக்கிள் டியூப் வைத்தியம்

பகலில் தெரியாது. சீலிங் ஃபேன் சுற்றும், பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடும், காய்கறி வண்டி ஸ்பீக்கரில் கத்திக்கொண்டு போகும். ராத்திரி 11 மணிக்கு எல்லாம் அடங்கிய பிறகுதான், மேசைக்கடியில் ஒரு மாவு மில் ஓடிக்கொண்டிருப்பது காதில் விழும்.

என்னுடையது ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்டதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்டி. நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸர், அதனுடன் வந்த சின்ன இன்டெல் ஃபேன், பின்பக்கம் ஒரு ஃபேன், நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் ஹார்ட் டிஸ்க் ஒன்று. வாங்கிய புதிதில் ஒரு வீடியோ ஏற்றுமதிக்குப் போட்டால் பக்கத்து அறையில் தூங்குபவர் எழுந்து வந்து கேட்பார். இப்போது அது ஓடுகிறதா என்று விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இடையில் செய்தவற்றில் பாதி, கடையில் விற்காத வேலை. பெட்டியை இதுவரை திறந்தே பார்க்காதவரும் செய்யக்கூடிய வரிசையில் எழுதுகிறேன். (நம் ஊரில் பெட்டி முழுவதையுமே ‘சிபியு’ என்போம். குழப்பம் வராமல் இருக்க, பெட்டியைக் கேபினட் என்றும், உள்ளே இருக்கும் சிப்பைப் பிராசஸர் என்றும் சொல்கிறேன்.)

ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். ஒரே ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். காதுக்கு அது பெரிய வித்தியாசம். ஆனால் காற்றும் பாதியாகிவிடும். ஆகவே முதலில் சூட்டைக் குறைத்து, அப்படிச் சம்பாதித்ததை ஃபேன் வேகத்தைக் குறைப்பதில் செலவழிக்க வேண்டும். வரிசையை மாற்றினால் பெட்டி அமைதியாக வெந்துபோகும்.

முதலில் காது

ஒரு நாளிதழைச் சுருட்டிக் குழலாக்குங்கள். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கேபினட்டின் ஒவ்வொரு மூலையிலும் காட்டுங்கள். டாக்டரின் ஸ்டெதஸ்கோப் மாதிரிதான். பின்னால் மேலே கேட்டால் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் டப்பா), அதற்குக் கீழே கேட்டால் கேபினட் ஃபேன், முன்பக்கம் அடியில் ‘ம்ம்ம்’ என்ற முனகல் என்றால் ஹார்ட் டிஸ்க். பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பென்சிலின் ரப்பர் முனையால் ஒரு ஃபேனின் நடுக் குமிழை இரண்டு மூன்று வினாடி மெல்ல அழுத்தி நிறுத்தியும் பார்க்கலாம். இறக்கையில் கை வைக்க வேண்டாம். எஸ்எம்பிஎஸ் ஃபேனிடம் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

எதற்கு இவ்வளவு என்றால், ஒரே அளவு கத்தும் இரண்டு ஃபேன்களில் ஒன்றை நிறுத்தினாலும் 3 டெசிபல்தான் குறையும். ஒன்று மற்றதைவிட 10 டெசிபல் கூடுதலாகக் கத்துகிறது என்றால், சின்னதை என்ன செய்தாலும் வித்தியாசமே தெரியாது. பெரிய வாயை முதலில் அடைக்க வேண்டும். என் வீட்டில் அது பிராசஸர் ஃபேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குழல் காட்டிக்கொடுத்தது ஹார்ட் டிஸ்க்கை.

சத்தம் ‘வூம்... வூம்...’ என்று ஏறி இறங்கினால், கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு பொருள்களின் சத்தம் ஒன்றோடொன்று மோதுகிறது என்று அர்த்தம். அவற்றில் ஒன்றின் வேகத்தைத் தெளிவாகக் குறைத்தாலே அந்த ஏற்ற இறக்கம் போய்விடும்.

கூடவே வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் கோர் டெம்ப், லினக்ஸில் சென்சார்ஸ் கட்டளை போதும். சும்மா இருக்கும்போது ஒன்று, பத்து நிமிடம் கனமான வேலை கொடுத்தபின் ஒன்று. எனக்கு இரண்டாவது எண் 88. பெரும்பாலான இன்டெல் சிப்புகள் 100 டிகிரியை ஒட்டித் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் உடனே எரிந்துவிடாது. ஆனால் அந்த 88-ஐத் தாங்கத்தான் ஃபேன் அப்படி அலறியது.

திருப்புளி எடுக்கும் முன்

கம்ப்யூட்டர் டேபிள் என்று விற்கிறார்களே, கேபினட்டுக்கு என்றே ஓர் அறை, பின்னால் பலகை அடித்தது, அதிலிருந்து முதலில் பெட்டியை வெளியே இழுங்கள். பின்னால் தள்ளிய சூடான காற்றையே முன்னால் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். டேபிளை விட மனமில்லை என்றால், ஆசாரியிடம் சொல்லிப் பின்பலகையை அறுத்து எடுத்துவிடுங்கள்.

அடுத்தது செலவே இல்லாத தந்திரம். விண்டோஸில் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட், கடைசியில் மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட். அங்கே 100 என்று இருப்பதை 99 ஆக்குங்கள். ஒரு சதவீதத்தில் என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். பல இன்டெல் கம்ப்யூட்டர்களில் 99 என்று சொன்னாலே டர்போ (வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடும் வசதி) அணைந்துவிடும். ஐ5-4570 மாதிரிச் சிப் 3.6 கிகாஹெர்ட்ஸ் வரை துள்ளுவதை விட்டு 3.2-க்குள் நிற்கும். டர்போ வேகத்தில் மின்னழுத்தமும் கூடுவதால், அந்தக் கடைசித் துள்ளலுக்குத்தான் சூடு அதிகம். கணக்கு எழுதுவதற்கும் படம் பார்ப்பதற்கும் வித்தியாசம் தெரியாது. கேம் ஆடுபவர்கள் பிரேம் ரேட்டை 60-க்குக் கட்டிப்போடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லாமல் 150 பிரேம் வரைந்து சூடாவது நிற்கும்.

கம்பளிப் போர்வையை உரிப்பது

இனி கேபினட்டைத் திறக்கலாம். ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிறகு பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினால் மிச்ச மின்சாரம் வடியும். உள்ளே எதையும் தொடும் முன் கேபினட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

மேலிருந்து பார்த்தால் பிராசஸர் ஃபேன் ஓரளவு சுத்தமாகத்தான் தெரியும். ஏமாறாதீர்கள். ஃபேனைக் கழற்றி, அதற்கு அடியில் ஹீட்சிங்க்கின் (பிராசஸரின் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகக் கட்டி) தகடுகளைப் பாருங்கள். என்னுடையதில் ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், கம்பளிப் போர்வையில் வெட்டி எடுத்தது மாதிரி, விரலால் பிடித்து இழுத்தபோது ஒரே துண்டாக உரிந்து வந்தது. காற்று அதன்மேல் மோதித் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது, எத்தனை வருடமோ.

மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், கால் இஞ்ச் பெயிண்ட் பிரஷ்ஷும் புளோயரும் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கைக்குள் ஒரு பேனாவைச் செருகிச் சுற்றவிடாமல் தடுக்க வேண்டும். காற்றாடி மாதிரி சுற்றுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பேரிங் போய்விடும்.

ஹீட்சிங்க்கையும் கழற்றுவது என்றால் தெர்மல் பேஸ்ட்டையும் (பிராசஸரின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பசை) மாற்றிவிடுங்கள். இன்டெல்லின் நாலு கால் குமிழ்களை அம்புக்குறி காட்டும் பக்கம் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுத்தால் விடும். கழற்றும் முன் பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓடவிட்டு அணைத்தால் காய்ந்த பேஸ்ட் இளகியிருக்கும். நேராகப் பிடுங்காமல் இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள். ஏஎம்டி ஏஎம்4 போர்டுகளில் அவசரப்பட்டு இழுத்தால் பிராசஸரும் ஒட்டிக்கொண்டு, அடியில் உள்ள ஊசிகளோடு பெயர்ந்து வந்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வைத்துப் பழையதைத் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவுக்குப் புதுப் பேஸ்ட். வடைக்கு மாவு வைப்பதுபோல் அப்ப வேண்டாம். குமிழ்களைப் பழைய நிலைக்குத் திருப்பிவைத்து, மூலைக்கு மூலையாக ‘டக்’ சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள்.

தூசு, பேஸ்ட், 99, மூன்றும் சேர்ந்து என் 88-ஐ 64 ஆக்கின. ஃபேன் தானாகவே வேகம் குறைந்தது. பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

ஒரு சொட்டு எண்ணெய்

காலையில் போட்டவுடன் ‘கர்ர்ர்’ என்று கத்திவிட்டு, சூடேறியபின் அடங்கும் ஃபேன் இருக்கிறதா? பெரும்பாலும் அதன் பேரிங்கில் எண்ணெய் வறண்டிருக்கும். ஃபேனைக் கழற்றி நடுவில் உள்ள ஸ்டிக்கரைப் பாதி உரியுங்கள். அடியில் சின்ன ரப்பர் மூடி இருந்தால் ஊசியால் நெம்பி எடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. கையால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, வழிந்ததைத் துடைத்து மூடுங்கள். எண்ணெய் பட்ட பசை திரும்ப ஒட்டாது, மேலே இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு. முழுதாக அடைத்து வார்த்த ஃபேன்களில் இது முடியாது.

தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். வீட்டில் கைக்கு எட்டுவது அதுதான், நானும் விட்டிருக்கிறேன். ஒரு வாரம் சொர்க்கம். பிறகு பிசினாகிவிடும். மார்கழிக் குளிரில் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்தும்விடும்.

ஹார்ட் டிஸ்க்குக்கு ஊஞ்சல்

பலரைச் சிரிக்க வைப்பதும், எனக்கு அதிகப் பலன் கொடுத்ததும் இதுதான்.

7200 சுற்று என்றால் வினாடிக்கு 120 சுற்று. அந்த 120 ஹெர்ட்ஸ் அதிர்வை, டிஸ்க்கை இறுக்கிப் பிடித்திருக்கும் நாலு ஸ்க்ரூவும் அப்படியே கேபினட் தகரத்துக்குக் கடத்துகின்றன. தகரம் தவில் மாதிரி முழங்குகிறது. டிஸ்க்கைக் கையில் எடுத்தால் அவ்வளவு சத்தமே இருக்காது. ஆக, டிஸ்க்கும் தகரமும் தொடாமல் இருந்தால் போதும்.

டிஸ்க்கின் அகலம் 10 செ.மீ.க்குச் சற்று மேல். சிடி டிரைவ் போடும் இடத்தின் அகலம் சுமார் 14.5 செ.மீ. இரண்டு பக்கமும் தலா 2 செ.மீ. மிச்சம். அந்த இடத்தில்தான் ஊஞ்சல் கட்டப்போகிறோம். முதலில் முக்கியமான கோப்புகளைப் பிரதி எடுத்துவிடுங்கள், அப்புறம்தான் மற்றது.

தையல் சாமான் கடையில் அரை இஞ்ச் எலாஸ்டிக் நாடா இரண்டு மீட்டர் வாங்குங்கள். சிடி டிரைவ் கூட்டின் இரு பக்கச் சுவர்களிலும் ஸ்க்ரூ ஓட்டைகள் இருக்கும். முன்பக்க ஓட்டையில் நாடாவைக் கோத்து, எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோய், திரும்ப இந்தப் பக்கம் கொண்டுவந்து, நல்ல விறைப்பாக முடிச்சுப் போடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இழை கிடைக்கும். பின்பக்க ஓட்டையிலும் அதேபோல் ஒரு ஜோடி. டிஸ்க்கை அந்த இழைகளுக்கு நடுவில் நுழையுங்கள், ஓர் இழை மேலே, ஓர் இழை அடியில். பக்கத்துக்கு ஒரு முறுக்கு முறுக்கிவிட்டால் நழுவாது. விரலால் மெல்லத் தட்டினால் சற்றே ஆடி உடனே நிற்க வேண்டும். தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் நாடா தளர்வு, மறுபடி கட்டுங்கள். கேபிள் இழுக்காமல் தொய்வாக இருக்கட்டும். இழுத்தால் அதன் வழியாகவே அதிர்வு போய்விடும்.

நான் முதலில் ஆபீஸ் ரப்பர் பேண்டில் கட்டினேன். மே மாதத்தில் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கியது. நல்ல வேளை, அப்போது கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. எலாஸ்டிக் கிடைக்கவில்லை என்றால் சைக்கிள் கடையில் பழைய டியூப் ஒன்று வாங்கி விரல் அகலத்துக்கு நீளநீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். தடிப்பாக இருக்கும், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும்.

இரண்டு எச்சரிக்கை. ஸ்க்ரூ வழியாகத் தகரத்துக்குப் போய்க்கொண்டிருந்த சூடும் இப்போது போகாது. டிஸ்க் வெப்பநிலை 50-ஐத் தாண்டாமல் பாருங்கள், தாண்டினால் முன்னால் மெதுவான ஃபேன் ஒன்று வேண்டும். இன்னொன்று, ஊஞ்சலில் டிஸ்க் இருக்கும்போது கேபினட்டைத் தூக்கிக்கொண்டு வீடு மாறாதீர்கள்.

பணம் இருந்தால் எஸ்எஸ்டி வாங்கிவிட்டு இந்தப் பகுதியையே தாண்டிப் போகலாம். சுற்றும் பாகம் கிடையாது, சத்தமும் கிடையாது. பழைய படங்களும் பாட்டுகளும் பெரிய டிஸ்க்கில்தான் கிடக்கின்றன என்பவர்களுக்கே ஊஞ்சல்.

செருப்பும் டியூப்பும்

கேபினட்டின் பக்கக் கதவை விரல் முட்டியால் தட்டுங்கள். ‘டங்’ என்று கேட்டால் அது உள்ளே வரும் அதிர்வையெல்லாம் பாடிக் காட்டும். உள்பக்கம் கனமான எதையாவது ஒட்டுங்கள். கார் அலங்காரக் கடைகளில் கதவுக்குள் ஒட்டும் கருப்புத் தார் ஷீட் கிடைக்கும், அது உத்தமம். காற்று ஓட்டையை மூடாமல் ஒட்டியபின் தட்டினால் ‘டப்’ என்று செத்த சத்தம் வரும். தெர்மகோலும் முட்டை அட்டையும் இதற்கு உதவாது. எடையும் இல்லை, தீப்பிடித்தால் ஆபத்தும்கூட.

தேய்ந்துபோன ஹவாய் செருப்பின் குதிகால் பகுதியை இரண்டு இஞ்ச் சதுரமாக நாலு துண்டு வெட்டிக் கேபினட்டின் நாலு காலுக்கும் அடியில் வையுங்கள். ஃபேனுக்கும் கேபினட்டுக்கும் நடுவே சைக்கிள் டியூப்பில் வெட்டிய வாஷர்.

கேபினட் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் ஓடுகிறது என்றால், மதர்போர்டின் பயாஸில் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) ஃபேன் அமைப்பைப் பாருங்கள். மூன்று பின் ஃபேனுக்கு ‘டிசி’ முறையைத் தேர்ந்தெடுத்தால்தான் வேகம் குறையும். பழைய ஆட்கள் நாலு பின் மோலெக்ஸ் பிளக்கில் மஞ்சளுக்கும் (12 வோல்ட்) சிவப்புக்கும் (5 வோல்ட்) நடுவே ஃபேனைக் கொடுத்து 7 வோல்ட்டில் ஓட்டுவார்கள். வேலை செய்யும். ஆனால் ஃபேன் ஷார்ட் ஆனால் 5 வோல்ட் கம்பியில் 12 வோல்ட் ஏறி, கூட இருப்பதையும் சேர்த்துக் கொண்டுபோகும். நான் விட்டுவிட்டேன். சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவே வெறும் 5 வோல்ட் கொடுப்பது பாதுகாப்பு, ஃபேன் ஒவ்வொரு முறையும் நிற்காமல் கிளம்புகிறதா என்று பத்துத் தடவை போட்டு அணைத்துப் பார்த்த பிறகு. பிராசஸர் ஃபேனுக்கு இரண்டுமே வேண்டாம். சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருப் பக்கம் போனால் 80 மி.மீ.க்குப் பதில் 120 மி.மீ. ஃபேன் வாங்குங்கள். அதே காற்றை மிக மெதுவாகச் சுற்றியே தள்ளும்.

அட்டைப் புனல்

பழைய கேபினட் சிலவற்றில் பக்கக் கதவின் உள்ளே ஒரு பிளாஸ்டிக் புனல் இருக்கும். இடைஞ்சல் என்று எல்லோரும் பிடுங்கிப் போட்ட பொருள். இன்டெல் யோசித்து வைத்தது அது. வெளிக்காற்றை நேராகப் பிராசஸர் ஃபேனுக்குக் கொடுத்து, அங்கே போகும் காற்று 38 டிகிரியைத் தாண்டாமல் பார்ப்பது நோக்கம். நம் ஊரில் மே மாதம் அறையே 36, அப்புறம் கேபினட்டுக்குள் சுற்றிய காற்று எப்படி இருக்கும்?

கதவில் பிராசஸருக்கு நேராகக் காற்று ஓட்டைகள் இருந்தால் இந்தப் புனலை அட்டையிலேயே செய்யலாம். ஃபேனின் அளவுக்கு அட்டைப்பெட்டித் துண்டைக் குழலாகச் சுருட்டி, கதவின் உள்பக்கம் டேப்பால் ஒட்டுங்கள். கதவை மூடும்போது குழலின் வாய் ஃபேனிலிருந்து ஒரு விரல் தள்ளி நிற்க வேண்டும், தொடக்கூடாது. அட்டை தீப்பிடிக்க 200 டிகிரிக்கு மேல் வேண்டும், அங்கே அவ்வளவு வராது. குழல் நழுவி இறக்கையில் சிக்காதபடி ஒட்டுவதுதான் முக்கியம்.

பக்கத்து அறை

இதையெல்லாம் செய்ய நேரமில்லை என்றால் கேபினட்டை அறையை விட்டே துரத்திவிடலாம். ஏசி பைப் போன ஓட்டையோ ஜன்னல் மூலையோ இருந்தால் 10 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று போதும். யுஎஸ்பி 2.0 சாதாரணக் கேபிளில் 5 மீட்டர்தான் எல்லை, அதற்கு மேல் நடுவில் சிப் வைத்த ஆக்டிவ் கேபிள் கேட்டு வாங்குங்கள். கீபோர்டைத் தட்டியே கம்ப்யூட்டரை எழுப்பும் வசதி பல பயாஸில் உண்டு.

எங்கே வைப்பது என்பதில்தான் கவனம். பரணில் வேண்டாம், கூரைச் சூடு முழுக்க அங்கேதான். சமையலறை ஓரம் என்றால் எண்ணெய்ப் புகையும் தூசும் சேர்ந்து ஹீட்சிங்க்கில் அல்வா கிண்டிவிடும். தரையில் வைத்தால் வீடு துடைக்கும் தண்ணீர். ஒரு பலகை உயரமாவது வேண்டும். பின்னால் கார்டு இல்லாமல் திறந்து கிடக்கும் இடுக்குகளை மூடிவிடுங்கள், பல்லி அந்த வழியாகத்தான் போகும்.

நான் செய்யாதவை

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறப்பது. நம் 230 வோல்ட், உள்ளே 325 வோல்ட் வரை ஏறிக் கெப்பாசிட்டரில் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம். சத்தம் போட்டால் புதிது வாங்குங்கள்.

ஃப்ரிட்ஜுக்குள் வைப்பது. 100 வாட் சூட்டை ஓயாமல் வெளியேற்றுவதற்காகச் செய்த பொருள் இல்லை அது. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், கதவைத் திறந்தவுடன் போர்டு முழுக்க வியர்க்கும். ஈரத்துணி, மண்பானை யோசனைகளும் இதே ரகம், கடலோர ஊர்களில் காற்றே ஈரம்.

எண்ணெயில் முக்குவது. கதை இல்லை. 1985-இல் வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டர் ஃபுளோரினெர்ட் என்ற திரவத்தில் மூழ்கித்தான் ஓடியது. 2006-இல் டாம்ஸ் ஹார்டுவேர் தளத்தினர் ஃபேன்களைக் கழற்றிவிட்டு, கேபினட்டில் 30 லிட்டர் சமையல் எண்ணெய் ஊற்றி ஓட்டிக் காட்டினார்கள். மின்சாரம் எண்ணெய் வழியே பாயாது என்பதால் முடிகிறது. ஆனால் சமையல் எண்ணெய் சிக்குவாடை அடிக்கும், கேபிள் வழியாகவே மேலே ஏறி மேசையில் சொட்டும், கேபிளின் பிளாஸ்டிக் விறைத்துப்போகும், காற்றுத் துளை உள்ள ஹார்ட் டிஸ்க்கை அதில் போடவே முடியாது. 30 லிட்டர் எண்ணெய்க்குப் போடும் பணத்தை எஸ்எஸ்டிக்கோ நல்ல ஃபேனுக்கோ போடலாம்.

குளிர்காலத்தில் இதையெல்லாம் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிசம்பரில் அறை 26 டிகிரி இருக்கும்போது ஃபேன் வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு மறந்துவிடுவோம். ஏப்ரல் கடைசியில் அறை 36 ஆனால் உள்ளேயும் அதே 10 டிகிரி ஏறும். சித்திரை பிறந்ததும் ஒரு மத்தியான வேளையில் பழைய பத்து நிமிடச் சோதனையை மறுபடி ஓட்டிப் பாருங்கள். எலாஸ்டிக் முடிச்சுகளையும் அப்போதே ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடலாம்.